சீர்வரிசையில் விடுபட்ட ஒன்று

நம் காஞ்சி மாநகருக்கு வெளியூரிலிருந்து வருவோர் பெரும்பாலும் இரண்டு காரியங்களுக்காக வருகின்றனர். ஒன்று, இறைவனைத் தொழ. மற்றொன்று, பட்டு எடுக்க. காமாட்சியம்மன் கோயிலையும் ஏகாம்பரநாதர் கோயிலையும் வரதராசப் பெருமாள் கோயிலையும் வலம் வந்தவர்கள், அப்படியே காந்தி சாலைக் கடைகளுக்குள் நுழைவது நாம் அன்றாடம் காணும் காட்சி. தை பிறந்துவிட்டால் கேட்கவே வேண்டாம். குடும்பம் குடும்பமாக வந்திறங்குவர். நடுவே மணப்பெண் நிற்பாள். அத்தை, சித்தி, பெரியம்மா எல்லாரும் சூழ்ந்துகொள்வர். அரக்கு நிறமா, மாம்பழ நிறமா? கரை அகலமா, சிறியதா? ஜரிகை அசல்தானா? முகூர்த்தப் புடவை ஒன்றைத் தேர்ந்தெடுக்க அரை நாள் கூட ஆகிவிடும்.

இதில் குறை காண்பதற்கு ஒன்றுமில்லை. திருமணம் வாழ்வில் ஒருமுறை வரும் மங்கல நிகழ்ச்சி. அதற்காகப் பெற்றோர் படும் பாடு கொஞ்சமன்று. மண்டபம் பிடிப்பது, அழைப்பிதழ் அச்சிடுவது, நகை செய்வது, பாத்திரம் பண்டம் வாங்குவது என ஆயிரம் வேலைகள். எதுவும் விடுபட்டுவிடக் கூடாது என்று காகிதத்தில் எழுதி வைத்து, முடிந்ததை ஒவ்வொன்றாக அடித்துக்கொண்டே வருவார்கள். ஆயினும் நாம் ஒன்று கேட்க விரும்புகிறோம். அந்த நீண்ட பட்டியலில், "பெண்ணுக்கு ரூபெல்லா தடுப்பூசி போட்டாயிற்றா?" என்ற வரி எத்தனை வீடுகளில் இருக்கிறது?

நமக்குத் தெரிந்த வரையில், மிகச் சில வீடுகளில்தான். பட்டுப் புடவைக்கு முன்பாகவே அந்த வரி எழுதப்பட வேண்டும் என்பதே நம் கருத்து. ஏன் என்பதைச் சற்று விரிவாகச் சொல்வோம்.

மூன்று நோய்களும் ஓர் ஊசியும்

தட்டம்மை, பொன்னுக்கு வீங்கி, ரூபெல்லா ஆகிய மூன்றும் வைரஸ் கிருமிகளால் வரும் நோய்கள். நோயாளி இருமும்போதும் தும்மும்போதும் பேசும்போதும் வெளிப்படும் நீர்த்துளிகளால் பரவுபவை. இம்மூன்றையும் ஒரே ஊசியால் தடுக்க முடியும். அமெரிக்க விஞ்ஞானி மாரிஸ் ஹில்மன் மூன்று மருந்துகளையும் ஒன்றாகச் சேர்த்தளித்த எம்.எம்.ஆர். தடுப்பூசி 1971ஆம் ஆண்டு நடைமுறைக்கு வந்தது. அதில் அடங்கியுள்ள பொன்னுக்கு வீங்கி மருந்துக்குச் சுவையான வரலாறு ஒன்று உண்டு. 1963ஆம் ஆண்டு ஹில்மனின் ஐந்து வயது மகள் ஜெரில் லின்னுக்குக் கன்னம் வீங்கியது. தந்தை அவளுடைய தொண்டையிலிருந்து பஞ்சால் கிருமியை எடுத்துச் சென்று, ஆய்வுக்கூடத்தில் அதன் வலுவைக் குறைத்துத் தடுப்பூசியாக்கினார். இன்றும் அக்கிருமி வகைக்கு அந்தச் சிறுமியின் பெயரே வழங்கி வருகிறது.

பொன்னுக்கு வீங்கி நம் ஊர்களில் புதிதன்று. கழுத்தில் பொன் சங்கிலி போட்டால் வீக்கம் வடியும் என்று பாட்டிமார் சொல்வர். பெரும்பாலோருக்கு அது ஒரு வாரம், பத்து நாளில் தானே தணிந்துவிடும். பெருமை மட்டும் சங்கிலிக்குப் போய்விடும். ஆனால் வயது வந்த ஆண்களுக்கு வந்தால் விதைப்பை வீக்கமும், சிலருக்கு மூளை உறையில் அழற்சியும், அரிதாகக் காது கேளாமையும் உண்டாகும். 2024ஆம் ஆண்டின் தொடக்கத்தில் அண்டை மாநிலமாகிய கேரளத்தில் ஆயிரக்கணக்கானோர் இந்நோயால் தாக்கப்பட்டனர்.

தட்டம்மையோ இன்னும் கொடியது. நோயாளி அறையை விட்டுச் சென்ற பிறகும் இரண்டு மணி நேரம் வரை அவ்வறையின் காற்றில் அக்கிருமி தங்கியிருக்கும். எதிர்ப்புச் சக்தி இல்லாத கூட்டத்தில் ஒருவரிடமிருந்து பன்னிரண்டு முதல் பதினெட்டுப் பேர் வரை தொற்றிக்கொள்ளக்கூடியது. ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகளையும் இருபது வயதைக் கடந்தவர்களையும் அது கடுமையாகத் தாக்கும். நிமோனியா, வயிற்றுப்போக்கு, மூளை அழற்சி ஆகியவை அதன் பின்னால் வரும் துணைகள்.

மூன்றாவது நோயாகிய ரூபெல்லா, பார்வைக்கு மூன்றிலும் சாது. இலேசான காய்ச்சல், காதுக்குப் பின்னால் சிறு நெறிகட்டல், மூன்று நாள் இருந்து மறையும் தடிப்பு, இளம் பெண்களுக்குக் கொஞ்சம் மூட்டுவலி. அவ்வளவுதான். தொற்றியவர்களில் பலருக்கு இந்த அடையாளங்கள்கூடத் தோன்றுவதில்லை. பள்ளிக்கு விடுமுறை எடுக்கவும் தேவையிராது. இந்தச் சாதுதான் மூன்றிலும் நம்மை, அதாவது பெண்களை, அதிகம் கவலைப்பட வைக்க வேண்டியவன்.

நம் ஊரில் அம்மை கண்ட வீட்டு வாசலில் வேப்பிலை செருகும் வழக்கம் உண்டு. அவரவர் நம்பிக்கை எதுவாயினும், அதில் ஒரு நன்மை இருந்தது. வேப்பிலையைக் கண்டவர்கள் உள்ளே நுழையமாட்டார்கள். கருவுற்ற பெண்கள் அந்தத் தெருப் பக்கமே போகமாட்டார்கள். ஆனால் ரூபெல்லா வந்த வீட்டில் யார் வேப்பிலை செருகுவார்? வந்ததே தெரியாத நோய்க்கு வாசலில் எச்சரிக்கை ஏது?

சிட்னியில் தொடங்கிய செய்தி

ஆஸ்திரேலியாவில் சிட்னி நகரில் நார்மன் கிரெக் என்ற கண் மருத்துவர் இருந்தார். 1941ஆம் ஆண்டில், பிறக்கும்போதே கண்புரையோடு பிறந்த குழந்தைகள் வழக்கத்துக்கு மாறாக அதிகமாக அவரிடம் கொண்டுவரப்பட்டனர். பலருக்கு இருதயக் கோளாறும் இருந்தது. காரணம் என்னவென்று அவர் தாய்மாரிடம் விசாரித்தார். தாமும் தம் நண்பர்களான பிற மருத்துவர்களும் கண்ட 78 குழந்தைகளைப் பற்றி அவர் எழுதினார். அவர்களில் 68 பேரின் தாய்மார்கள் கருவுற்ற தொடக்க காலத்தில் ரூபெல்லா கண்டவர்கள்! தாய்க்கு மூன்று நாள் தடிப்பு. பிள்ளைக்கு வாழ்நாள் முழுதும் இருட்டு. இந்த உண்மையை உலகம் முதன்முதலாக அப்போதுதான் அறிந்தது.

கருவுற்ற முதல் மூன்று மாதங்களுக்குள் தாய்க்கு இந்நோய் தொற்றினால், நூற்றுக்கு எண்பத்தைந்து, தொண்ணூறு கருக்கள் வரை பாதிக்கப்படக்கூடும். கரு கலையலாம், குழந்தை இறந்தே பிறக்கலாம். பிழைத்துப் பிறந்தால் கண்புரை, காது கேளாமை, இருதயக் குறை ஆகிய மூன்றில் ஒன்றோ எல்லாமோ உடன் பிறக்கும். 1964, 1965ஆம் ஆண்டுகளில் அமெரிக்க ஐக்கிய நாடுகளில் ரூபெல்லா கொள்ளைநோயாகப் பரவியபோது ஏறத்தாழ 20,000 குழந்தைகள் இவ்வாறு குறைகளோடு பிறந்தனர். அதன் பின்னரே தடுப்பூசி காணும் முயற்சி வேகம் பெற்றது. 1969இல் முதல் ரூபெல்லா தடுப்பூசி அந்நாட்டில் அனுமதி பெற்றது.

இதெல்லாம் கடல் கடந்த கதை என்று எண்ண வேண்டாம். நம் தமிழகத்து மதுரையிலும் இதே கதைதான். மதுரை கண் மருத்துவமனை ஒன்றுக்கு வந்த குழந்தைகளிடையே நடத்தப்பட்டு, 1996ஆம் ஆண்டில் வெளியிடப்பட்ட ஆய்வு ஒன்று, காயத்தால் அன்றி வேறு காரணங்களால் கண்புரை ஏற்பட்ட குழந்தைகளில் நூற்றுக்குப் பதினைந்து பேருக்கு ரூபெல்லாவே காரணம் என்று காட்டியது. ஒரு வயதுக்குட்பட்ட குழந்தைகளை மட்டும் எடுத்துக்கொண்டால், நாலில் ஒரு பங்கு! பிறந்த சில மாதங்களிலேயே அறுவை, கண்ணாடி, ஊர் ஊராக அலைச்சல். கண் ஒளி ஓரளவு திரும்பினாலும் காது திரும்புவதில்லை.

இத்தகைய பிள்ளை பிறந்துவிட்டால் நம் சமூகம் யாரைக் குறை கூறும்? "கிரகணத்தன்று வெளியே போனாளா? பார்க்கக் கூடாததைப் பார்த்தாளா? எந்த ஜென்மத்துப் பாவமோ!" என்று பேச்சுக் கிளம்பும். பழி எப்போதும் தாயின் தலையில். கிரகணத்துக்குக் கதவை அடைத்துக் கருவுற்றவளைக் காக்கத் தெரிந்த நமக்கு, ஒரே ஓர் ஊசியால் உண்மையான ஆபத்திலிருந்து அவளைக் காக்க ஏன் தோன்றவில்லை?

விடுபட்டவர்கள் யார்?

நம் நாட்டில் தேசியத் தடுப்பூசித் திட்டத்தில் 1985ஆம் ஆண்டு தட்டம்மைத் தடுப்பூசி சேர்க்கப்பட்டது. அதன் இரண்டாம் தவணை 2010ஆம் ஆண்டில்தான் வந்தது. ரூபெல்லா மருந்து அதற்கும் பின்னர், 2017இல் வந்தது. அவ்வாண்டு பிப்ரவரியில் தமிழ்நாடு, கர்நாடகம், கோவா, புதுச்சேரி, இலட்சத்தீவுகள் ஆகிய ஐந்து பகுதிகளில் தட்டம்மை–ரூபெல்லா தடுப்பூசி முகாம் முதன்முதலாகத் தொடங்கிற்று. ஒன்பது மாதக் குழந்தை முதல் பதினைந்து வயதுக்குட்பட்டோர் வரை அனைவருக்கும் ஓர் ஊசி. தமிழ்நாட்டில் மட்டும் ஏறத்தாழ 1 கோடியே 76 லட்சம் பேருக்குப் போடத் திட்டமிடப்பட்டது.

மேல்வகுப்புகளில் பயிலும் நாம் அப்போது தொடக்கப் பள்ளிச் சிறுமியர். பள்ளிகளில் வரிசையில் நிற்க வைத்து ஊசி போட்டனர். சிலர் அழுதோம், சிலர் அழுதவர்களைப் பார்த்துச் சிரித்தோம். அந்நாட்களில் வாட்ஸ்அப் வழியே பரவிய பொய்ச் செய்திகளும் நினைவிருக்கலாம். இந்த ஊசி போட்டால் பிள்ளைகளுக்கு ஆபத்து, பிற்காலத்தில் குழந்தை பிறக்காது என்றெல்லாம் யாரோ எழுதியதை யாரோ அனுப்ப, பயந்த பெற்றோர் பலர் மறுத்துவிட்டனர். முகாமை மார்ச் மாதத்திற்கும் நீட்டிக்க வேண்டியதாயிற்று.

இப்போது கணக்குப் போட்டுப் பார்ப்போம். 2017 பிப்ரவரியில் பதினைந்து வயதை எட்டிவிட்டவர்கள், அதாவது 2002ஆம் ஆண்டு பிப்ரவரிக்கு முன் பிறந்தவர்கள், அந்த முகாமில் சேர்க்கப்படவில்லை. அதற்கு முன் அரசுத் திட்டத்தில் ரூபெல்லா மருந்தே இல்லை. ஆகவே, தனியார் மருத்துவர் ஒருவர் எம்.எம்.ஆர். போட்டிருந்தாலன்றி, அவர்களுக்கு ரூபெல்லா தடுப்பூசி கிடைத்திருக்க வழியில்லை. தட்டம்மைக்கும் பலருக்கு ஒரே தவணைதான் ஆகியிருக்கும். அவர்கள் யார்? நம் அக்காமார். இன்று கல்லூரி முடித்து வேலைக்குச் செல்பவர்கள், வரன் பார்க்கப்படுபவர்கள், புதிதாக மணமானவர்கள், முதல் பிள்ளையைச் சுமப்பவர்கள். எந்த வயதில் இந்த மருந்து மிகவும் தேவையோ, அந்த வயதினரே விடுபட்டுவிட்டனர்.

"சிறு வயதிலேயே எல்லாருக்கும் ரூபெல்லா வந்து போயிருக்கும், இனி என்ன கவலை?" என்று சிலர் கேட்பர். மதுரை, திருநெல்வேலி, கோயம்புத்தூர் ஆகிய மூன்று ஊர்களின் அரவிந்த் கண் மருத்துவமனைகளில் பணிபுரிந்த 18 முதல் 40 வயது வரையுள்ள 1000 பேரின் இரத்தம் இதற்காகச் சோதிக்கப்பட்டது. 2004ஆம் ஆண்டில் வெளியான அந்த ஆய்வின்படி, நூற்றுக்கு ஏறத்தாழ 15 பேருக்கு ரூபெல்லாவுக்கு எதிர்ப்புச் சக்தி இல்லை. கண்புரைக் குழந்தைகளை நாள்தோறும் தூக்கிப் பராமரிக்கும் செவிலியரே அவர்களில் இருந்தனர் என்றால் பாருங்கள்! அந்நிறுவனம் சோதித்ததோடு நிற்காமல், எதிர்ப்புச் சக்தி இல்லாதவர்களுக்குத் தடுப்பூசியும் அளித்தது. நம் பள்ளியிலிருந்து ஆண்டுதோறும் செவிலியர் பயிற்சிக்குச் செல்லும் சகோதரிகள் இதை மனத்தில் பதித்துக்கொள்ள வேண்டும்.

நூற்றுக்குப் பதினைந்து என்பது சிறிய எண்ணாகத் தோன்றலாம். நாற்பது பேர் உள்ள ஒரு வகுப்பில் அது ஆறு பேர். அந்த ஆறு பேர் யார் என்பது ஒருவருக்கும் தெரியாது. அவர்களுக்கும் தெரியாது.

நம் நெசவாளர் வீடுகளைச் சற்று எண்ணிப் பார்ப்போம். பிள்ளையார்பாளையத்துத் தெருக்களில் தறியும் அடுப்பும் தொட்டிலும் ஒரே கூரையின் கீழ் இருக்கும் வீடுகள் எத்தனையோ. கணவன் தறியில் இருக்க, மனைவி தார் சுற்றிக் கொடுப்பாள். கருவுற்றிருந்தாலும் அந்த வேலை நிற்பதில்லை. பக்கத்து வீட்டுப் பிள்ளைகள் இந்த வீட்டில் விளையாடும். இந்த வீட்டுப் பிள்ளை அடுத்த வீட்டில் உறங்கும். இவ்வளவு நெருக்கமான வாழ்வில் காய்ச்சல் கண்ட ஒரு குழந்தையைத் தனியே வைப்பது எங்ஙனம்? ஒதுங்கி வாழ இடமில்லாத குடும்பங்களுக்குத் தடுப்பூசியே சுவர்.

பிற நாடுகள் சொல்லும் பாடம்

பிரிட்டனில் 1970ஆம் ஆண்டு முதல் பள்ளி மாணவியருக்கு மட்டும் ரூபெல்லா ஊசி போட்டனர். "கருவுறப் போவது பெண்தானே, ஆண் பிள்ளைக்கு எதற்கு?" என்பது அன்றைய எண்ணம். பயன் இருந்தது, ஆயினும் முழுப் பயன் கிட்டவில்லை. சிறுவர்களிடையே கிருமி சுற்றிக்கொண்டே இருந்தது. ஊசி போடாத, அல்லது ஊசி பலிக்காத தாய்மாரை அது தேடிப் பிடித்தது. 1988 முதல் ஆண், பெண் இருபாலாருக்கும் எம்.எம்.ஆர். அளிக்கத் தொடங்கினர். எனவே, தம்பிமாருக்கும் அண்ணன்மாருக்கும் இதில் பங்குண்டு. மணமகன் வீட்டாரும் கேட்டுக்கொள்ள வேண்டிய செய்தி இது.

நம் அண்டை நாடாகிய இலங்கையைப் பாருங்கள். 1996ஆம் ஆண்டிலேயே பிள்ளை பெறும் வயதுப் பெண்களுக்கு அங்கே ரூபெல்லா தடுப்பூசி அளிக்கத் தொடங்கிவிட்டனர். குழந்தைகளோடு நிற்காமல் இளம் பெண்களையும் தேடிச் சென்றனர். 2020ஆம் ஆண்டில் இலங்கை ரூபெல்லாவை ஒழித்துவிட்டதாக உலக சுகாதார நிறுவனம் சான்றளித்தது. வட, தென் அமெரிக்கக் கண்டங்கள் முழுவதும் 2015இலேயே அந்நிலையை அடைந்துவிட்டன. நேபாளமும் 2025ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதத்தில் அப்பட்டியலில் சேர்ந்தது. நம் நாடு 2026ஆம் ஆண்டுக்குள் தட்டம்மையையும் ரூபெல்லாவையும் ஒழிப்பதென்று இலக்கு வைத்து, 2025 ஏப்ரலில் அதற்கென இயக்கம் ஒன்றைத் தொடங்கியது. நல்ல முயற்சி. ஆனால் அந்த இயக்கத்தின் கண்கள் குழந்தைகள் மீதே உள்ளன. இருபதுகளில் இருக்கும் பெண்ணை யார் தேடிச் செல்வது? அவளாகவே அல்லவா முன்வர வேண்டும்?

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். நம் ஊர்ப் பிள்ளைகள் மேற்படிப்புக்கு அமெரிக்கா செல்கின்றனர். அங்குள்ள பல்கலைக்கழகங்கள் பலவும் எம்.எம்.ஆர். இரண்டு தவணை போட்ட சான்றைக் கேட்கின்றன. சான்று இல்லையென்றால் சேர்க்கை தடைப்படுமே என்று, பெற்றோர் உடனே மருத்துவரிடம் ஓடுகின்றனர். அப்போது விலை பெரிதாகத் தோன்றுவதில்லை, பயமும் தோன்றுவதில்லை. பல்கலைக்கழகம் கேட்டால் போடுகிறோம். பிறக்கப்போகும் குழந்தை வாய்திறந்து கேட்க முடியாதென்பதால் போடாமல் இருக்கலாமா?

சில ஐயங்கள்

"கல்யாணம் ஆகாத பொண்ணுக்கு இதெல்லாம் எதுக்கு?" இது பல வீடுகளில் எழும் கேள்வி. கல்யாணம் ஆவதற்கு முன்பே போட வேண்டும் என்பதுதான் இதற்கு விடை. இது வலுக்குறைக்கப்பட்ட உயிருள்ள கிருமிகளால் ஆன மருந்து. ஆகையால் கருவுற்ற பெண்களுக்கு இதைப் போடுவதில்லை. போட்டுக்கொண்ட பின்பும் ஒரு மாதம் கருத்தரியாமல் இருக்க வேண்டும் என்பது மருத்துவர்களின் அறிவுரை. மணமாகி, கருவுற்று, முதல் பரிசோதனைக்குச் செல்லும்போது மருத்துவர் கேட்டால் காலம் கடந்துவிட்டது என்று பொருள். நிச்சயதார்த்தத்துக்கும் முகூர்த்தத்துக்கும் இடைப்பட்ட மாதங்களே தக்க காலம். அதாவது, குடும்பத்தோடு காஞ்சிக்குப் புடவை எடுக்க வரும் காலம்! அறியாமல் கருவுற்ற நிலையில் யாரேனும் போட்டுக்கொண்டிருந்தாலும் கலங்க வேண்டியதில்லை. தடுப்பூசியால் அத்தகைய பிறவிக்குறை உண்டானதாக இதுவரை அறியப்படவில்லை.

"போட்டால் மலடாகிவிடும்" என்ற பேச்சு முழுப் பொய். உலகில் கோடிக்கணக்கான பெண்கள் இதைப் போட்டுக்கொண்டு, பிள்ளை பெற்று, பேரன் பேத்தியும் கண்டுவிட்டனர். குழந்தையைக் காக்கவென்றே கண்டறியப்பட்ட ஊசியைக் குழந்தையின் எதிரி என்பது விந்தையே.

"எம்.எம்.ஆர். போட்டால் ஆட்டிசம் என்ற குறைபாடு வரும்" என்ற பேச்சு ஒன்றும் உண்டு. 1998ஆம் ஆண்டு இங்கிலாந்தில் ஆண்ட்ரூ வேக்ஃபீல்டு என்பவர் எழுதிய கட்டுரையிலிருந்து கிளம்பியது அது. அக்கட்டுரையை வெளியிட்ட 'லான்செட்' இதழே 2010இல் அதைத் திரும்பப் பெற்றுக்கொண்டது. அவருடைய மருத்துவப் பதிவும் அதே ஆண்டில் நீக்கப்பட்டது. பின்னர் டென்மார்க்கில் ஆறரை லட்சத்துக்கும் மேற்பட்ட குழந்தைகளை ஆராய்ந்து 2019இல் வெளியிட்ட முடிவிலும் அப்படியொரு தொடர்பு காணப்படவில்லை.

பக்க விளைவே இல்லையா என்றால், உண்டு. சிலருக்கு ஒரு வாரம், பத்து நாள் கழித்து இலேசான காய்ச்சலோ தடிப்போ தோன்றும். வயது வந்த பெண்களில் நாலில் ஒருவருக்கு வரை மூட்டுவலி சில நாள் இருந்து நீங்கும். நோய் எதிர்ப்பாற்றல் வெகுவாகக் குறைந்தவர்களும், அதற்கான சிகிச்சை பெறுவோரும் மருத்துவரைக் கேட்காமல் போட்டுக்கொள்ளக் கூடாது. முன்பே எதிர்ப்புச் சக்தி உள்ளவர் மறுபடி போட்டுக்கொண்டால் தீங்கில்லை. பாலூட்டும் தாயும் போட்டுக்கொள்ளலாம்.

கத்தோலிக்கக் குடும்பங்களில் மனச்சாட்சி சார்ந்த ஐயம் ஒன்று எழுவதுண்டு. ரூபெல்லா மருந்துக்கான கிருமியை வளர்க்கும் உயிரணுக்கள், 1960களில் கலைக்கப்பட்ட கருவிலிருந்து முதலில் எடுக்கப்பட்டுப் பெருக்கப்பட்டவை. இதை மறைக்க வேண்டியதில்லை. வத்திக்கானில் உள்ள வாழ்வுக்கான பாப்பிறைக் கழகம் 2005ஆம் ஆண்டில் இதை ஆராய்ந்தது. மாற்று மருந்துகளுக்காகக் குரல் கொடுக்க வேண்டும் என்று கூறிய அதே வேளையில், மாற்று இல்லாத நிலையில், குழந்தைகளையும் கருவுற்ற தாய்மாரையும் காக்க இத்தடுப்பூசியைப் பயன்படுத்தலாம் என்று தெளிவாக்கியது. 2017இலும் அதே கருத்தை உறுதிப்படுத்தியது. கருவில் உள்ள உயிரை மதிப்பவர்களுக்கு, அவ்வுயிரைக் குருட்டிலிருந்தும் செவிட்டிலிருந்தும் காப்பதும் கடமையன்றோ?

நாம் செய்யக்கூடியவை

முதலாவது, நம் ஒவ்வொருவரின் தடுப்பூசி அட்டையையும் தேடி எடுப்போம். அது பீரோவின் அடியில், பழைய ரேஷன் அட்டையோடும் பிறப்புச் சான்றிதழோடும் இருக்கக்கூடும். 2017இல் நமக்குப் போடப்பட்டதா, அல்லது பயந்து அன்று வீட்டிலேயே நிறுத்திக்கொண்டனரா என்று அம்மாவிடம் கேட்போம். மாற்றுச் சான்றிதழ் வாங்கும் நாளில் மதிப்பெண் பட்டியலைப் போலவே அந்த அட்டையையும் பத்திரப்படுத்துவோம்.

இரண்டாவது, அக்காமாரிடமும் அண்ணிமாரிடமும் பேசுவோம். வெட்கப்பட இதில் ஏதுமில்லை. விலையும் தடையாக வேண்டாம். தனியார் மருத்துவரிடம் போட்டாலும் சில நூறு ரூபாய்க்குள் முடிகிற காரியம். பல்லாயிரம் ரூபாய்க்குப் பட்டு எடுக்கும் குடும்பத்துக்கு அது ரவிக்கை தைக்கும் கூலிக்குக்கூட ஈடாகாது. பட்டுக்கு வழியில்லாத குடும்பத்துக்கோ அது பணம்தான். அதனால்தான் மூன்றாவதாக ஒன்றைக் கேட்கிறோம்.

மூன்றாவது, அரசும் கல்லூரிகளும் இதைத் தம் பொறுப்பாக ஏற்க வேண்டும். கல்லூரியில் சேரும்போது ஒரு முறை, விடுபட்டவர்களுக்கு இலவசமாகப் போடலாம். பிள்ளைப்பேறு முடிந்து தாய் வீடு திரும்பும் முன் மருத்துவமனையிலேயே போட்டால், அடுத்த பிள்ளையாவது காக்கப்படும். பட்டுக் கூட்டுறவுச் சங்கங்கள் நெசவாளர் குடும்பங்களுக்காக மருத்துவ முகாம் நடத்தும்போது, கண் பரிசோதனையோடும் இரத்த அழுத்தப் பரிசோதனையோடும் இதையும் சேர்த்துக்கொள்ளலாம். அரசு அட்டவணையில் பொன்னுக்கு வீங்கிக்கான மருந்து இன்னும் இடம்பெறவில்லை. அதையும் சேர்க்க வேண்டும் என்று குழந்தை மருத்துவர்கள் கேட்டு வருகின்றனர். நாமும் அவர்களோடு சேர்ந்து கேட்போம்.

பெரியம்மை நம் பாட்டிமாரின் காலத்தில் ஊரையே காலி செய்த நோய். 1975க்குப் பின் இந்திய மண்ணில் அது தலைகாட்டவில்லை. 1980இல் உலகை விட்டே ஒழிந்தது. அதன் பெயரை நாம் பாடப் புத்தகத்தில் மட்டுமே படிக்கிறோம். வீடு வீடாகச் சென்றவர்களாலும், கையை நீட்டியவர்களாலும் ஆன காரியம் அது. ரூபெல்லாவையும் நம் பிள்ளைகள் பாடப் புத்தகத்தில் மட்டும் படிக்கும் நாள் வர வேண்டும்.

அன்புச் சகோதரிகளே! இன்னும் சில ஆண்டுகளில் நம்மில் பலர் மணமேடை ஏறுவோம். நம் ஊர் நெசவாளர் நெய்த பட்டை உடுத்துவோம். அந்தப் பட்டு பெட்டியில் மடித்து வைக்கப்பட்டு, என்றோ ஒருநாள் நம் மகளின் கைக்குப் போகும். அதன் நிறத்தைக் காண அவளுக்குக் கண் இருக்க வேண்டும். அதைக் கொடுக்கும்போது நாம் சொல்லும் வாழ்த்தைக் கேட்க அவளுக்குக் காது இருக்க வேண்டும். அதற்கு வேண்டிய ஏற்பாட்டைப் புடவை எடுக்கும் முன்பே செய்வோம். நம் அக்காமாரையும் செய்யச் சொல்வோம்!